பள்ளிக்குப் பூட்டு! பழி குழந்தை மேலா?

“குழந்தைகள்தான் ஐயா நோயைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள். பள்ளிக்கூடத்தில் வாங்கி வீட்டில் கொட்டிவிடும். நல்லவேளை, அன்றைக்குப் பூட்டினார்கள், பிழைத்தோம். இனிமேல் எந்தக் காய்ச்சல் வந்தாலும் முதல் பூட்டைப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போடவேண்டும். இப்போதுதான் எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறதே!”

மன்னார்குடியிலிருந்து திருவாரூர் போகும் பஸ்ஸில் ஒரு கனவான் இப்படிப் பேசிக்கொண்டு வந்தார். அவருடைய பேத்தி கொரோனா காலம் முழுவதும் தனி அறையில், தனிக் கம்ப்யூட்டரில் படித்தாளாம். ஒரு மார்க்குக்கூடக் குறையவில்லையாம். சந்தோஷம். அவருக்குப் பின் இருக்கையில் நடவுக்குப் போய்த் திரும்பும் நாலைந்து பெண்கள் சேற்றுக் காலோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பிள்ளைகளின் மார்க்கு என்ன ஆயிற்று என்று கனவான் கேட்கவில்லை. அவர்களும் வாய் திறக்கவில்லை.

நானும் வாய் திறக்காமல் இறங்கிவிட்டேன். அது தப்பு. அன்று பஸ்ஸில் சொல்லாததை இங்கே சொல்லுகிறேன்.

முதலில் தேதிகளைப் பார்ப்போம். ஆள் பொய் சொல்லுவான். தேதி பொய் சொல்லாது.

2020 மார்ச் 17-ம் தேதி தமிழ்நாட்டில் பள்ளிகள் மூடப்பட்டன. ஒரு வாரத்தில் நாடு முழுவதும் ஊரடங்கு. புதிய நோய், மருந்தில்லை, தடுப்பூசியில்லை, அது யாரைக் கொல்லும் யாரை விடும் என்று வைத்தியர்களுக்கே தெரியவில்லை. அந்த நேரத்தில் கதவைச் சாத்தியதை நான் குறை சொல்ல வரவில்லை. “உடனே மூடு” என்று தெருமுனையில் நின்று பேசியவர்களில் நானும் ஒருவன். அதை மறைத்து என்ன பயன்? கேள்வி அதுவல்ல. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதுதான் கேள்வி.

அதே வருஷம் மே 7-ம் தேதி டாஸ்மாக் கடை திறந்தது. ஊரடங்கு தொடங்கி ஆறே வாரம்! மறுநாள் சென்னை உயர்நீதிமன்றம் மூடச் சொன்னது. சர்க்கார் கையைக் கட்டிக்கொண்டு இருந்ததா? இல்லை. டில்லிக்குப் போய் சுப்ரீம் கோர்ட்டில் தடை வாங்கி மே 16-ம் தேதி மறுபடி திறந்தது. எட்டே நாளில் டில்லிவரை போய் ஜெயித்துவந்த அந்தச் சுறுசுறுப்பைப் பாருங்கள்! மே மாதத்திலேயே ஆலைகள் ஓடத் தொடங்கின. வயல் வேலை நிற்கவே இல்லை. நவம்பர் 10-ல் சினிமாக் கொட்டகை திறந்தது.

பள்ளிக்கூடம்? நவம்பர் 16-ல் ஒன்பது முதல் பன்னிரண்டு வகுப்புவரை திறக்கப்போவதாகச் சொன்னார்கள். பிறகு வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். 2021 ஜனவரி 19-ல் பத்தும் பன்னிரண்டும் திறந்தன. பிப்ரவரி 8-ல் ஒன்பதும் பதினொன்றும். மார்ச் 22-ல் ஒன்பது, பத்து, பதினொன்றுக்கு மறுபடி பூட்டு. நோய் பரவுகிறது என்றார்கள். பரவியது உண்மைதான். ஆனால் பதினைந்தே நாள் கழித்து, ஏப்ரல் 6-ம் தேதி, அதே பள்ளிக்கூடங்களில் ஓட்டுச்சாவடி! ஊர் ஜனம் முழுவதும் அந்த அறைக்குள் நுழைந்து வந்தது. பிள்ளை உட்கார்ந்தால் நோய் பரப்புகிற அறை, ஓட்டு மெஷின் உட்கார்ந்தால் பரிசுத்தமாகிவிடுமா? அறிந்தவர்கள் சொல்லட்டும்.

மே மாதம் இரண்டாவது அலை அடித்தது. ஆக்ஸிஜன் கிடைக்காமல் ஆம்புலன்ஸிலேயே ஜனங்கள் செத்தார்கள். அப்போது எல்லாவற்றையும் மூடியது நியாயம்தான். ஜூன் 14-ம் தேதி 27 மாவட்டங்களில் மதுக்கடை திறந்தது. செப்டம்பர் 1-ல் ஒன்பது முதல் பன்னிரண்டு வகுப்புகள் திறந்தன. ஒன்று முதல் எட்டு வகுப்புவரையில் படிக்கும் சின்னஞ்சிறுசுகளுக்கு நவம்பர் 1-ம் தேதிதான் கதவு திறந்தது. மார்ச் 17-லிருந்து எண்ணினால் 594 நாள்! இடையில் ஆட்சி மாறியது, பூட்டு மாறவில்லை. 2022 ஜனவரியில் மறுபடி ஒரு மாதம் மூடினார்கள். அது தனி.

இதுதான் வரிசை. சாராயம் முதலில், ஆலை கூடவே, சினிமா பிறகு, ஓட்டு நடுவில், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை கடைசியில். எந்த நோய்க் கணக்கைப் பார்த்து இந்த வரிசையைப் போட்டார்கள்?

நோய்க் கணக்கு இல்லாமல் இல்லை. நம் மாநிலத்திலேயே இருந்தது. 2020-ல் தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் நோய் கண்ட 84,965 பேரையும் அவர்களோடு பழகிய 5,75,071 பேரையும் பின்தொடர்ந்து கணக்கெடுத்தார்கள். நம் சுகாதார ஊழியர்கள் வெயிலில் தெருத்தெருவாக அலைந்து எடுத்த கணக்கு. அதே வருஷம் செப்டம்பர் கடைசியில் அமெரிக்காவின் பெரிய விஞ்ஞானப் பத்திரிகையில் வெளிவந்தது. நோய் கண்டவர்களில் ஐந்து முதல் பதினேழு வயதுவரை உள்ளவர்களில் இறந்தவர்கள் 0.05 சதவீதம். அதாவது இரண்டாயிரம் பேருக்கு ஒருவர். எண்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் 16.6 சதவீதம். ஆறு பேருக்கு ஒருவர். நோய் கண்ட 100 பேரில் 71 பேரிடமிருந்து அவர்களோடு பழகிய யாருக்கும் தொற்றியதாகக் காணவில்லை. மிகச் சிலரிடமிருந்துதான் பெரும்பாலான தொற்று கிளம்பியிருக்கிறது. நெரிசலும் அடைசலும் கிடைக்கிற இடத்தில் ஒரே ஆள் பலருக்குக் கொடுத்திருக்கிறார்.

அதே கணக்கு இன்னொன்றும் சொல்லுகிறது. நமக்கு வசதியில்லை என்பதற்காக அதை ஒளித்து வைக்கக்கூடாது. குழந்தைகளுக்கும் தொற்றியது, குழந்தைகள் தங்கள் வயதுக் குழந்தைகளுக்கு நோயைக் கொடுக்கவும் கொடுத்தார்கள். எப்போது? பள்ளிகள் எல்லாம் பூட்டிக் கிடந்த காலத்தில்!

இரண்டாவது கணக்கைக் கேளுங்கள். 2021 ஜூன், ஜூலை மாதங்களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 70 மாவட்டங்களில் ஜனங்களின் ரத்தத்தை எடுத்துப் பார்த்தது. நோய் வந்து போயிருந்தால் ரத்தத்தில் அதன் தடயம் இருக்கும். ஆறு முதல் ஒன்பது வயதுக் குழந்தைகளில் 57.2 சதவீதத்துக்குத் தடயம் இருந்தது. பத்து முதல் பதினேழுவரை உள்ளவர்களில் 61.6 சதவீதம். அந்தச் சின்னக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி கிடையாது. பெரும்பாலான மாநிலங்களில் ஆரம்பப் பள்ளி வாசலை ஒன்றேகால் வருஷமாக அவர்கள் மிதிக்கவில்லை. பின் எங்கே வாங்கினார்கள்? வீட்டில் வாங்கினார்கள். ஆலையிலிருந்து அப்பா கொண்டுவந்தார். சந்தையிலிருந்து அம்மா கொண்டுவந்தாள். கல்யாணத்திலிருந்து, சாவிலிருந்து, ஓட்டுக்கூட்டத்திலிருந்து பெரியவர்கள் கொண்டுவந்தார்கள். பத்தடி அறையில் ஏழு பேர் படுக்கிற வீட்டில் குழந்தை எங்கே தனியாக ஒதுங்கும்? பெரியவர்கள் கொண்டுவந்ததை வாங்கிக்கொண்டது குழந்தை. பழி சுமந்ததும் அதே குழந்தை!

கவுன்சிலின் தலைவராக இருந்த பல்ராம் பார்கவா 2021 ஜூலை 20-ம் தேதி பத்திரிகைக்காரர்களிடம் வெளிப்படையாகவே சொன்னார்: பள்ளி திறக்க யோசித்தால் ஆரம்பப் பள்ளியை முதலில் திறப்பது புத்திசாலித்தனம், ஸ்காண்டினேவிய நாடுகள் சிலவற்றில் எந்த அலையிலும் ஆரம்பப் பள்ளியை மூடவே இல்லை, சிறு குழந்தையின் உடம்பு இந்த வைரஸை ஓரளவு தாங்குகிறது, ஆசிரியரும் ஊழியரும் தடுப்பூசி போட்டிருப்பது அவசியம். சர்க்காரின் சொந்த நிபுணர் சொன்ன வார்த்தை! அதைத் தலைகீழாக நிறைவேற்றினார்கள். பெரிய வகுப்பு முதலில், சின்ன வகுப்பு கடைசியில். ஏன்? பெரிய வகுப்புக்குப் பரீட்சை உண்டு. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் பரீட்சை கிடையாது. எழுத்து மறந்துபோனால் பேப்பரில் வராது.

கனவானின் பொய்க்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு பொய் உட்கார்ந்திருக்கிறது. அதையும் இழுத்து வெளியே போடவேண்டும். “குழந்தைகளால் நோய் பரவவே பரவாது, கதவைத் திற, மணியை அடி, மற்றதைப் பற்றிக் கவலைப்படாதே” என்று சிலர் பேசினார்கள். இவர்களில் யோக்கியமானவர்களும் உண்டு. ஆனால் சத்தமாகப் பேசியவர்கள் பலர் கட்டணப் பள்ளி முதலாளிகள். 2020 ஜூலையில் உயர்நீதிமன்றம் 75 சதவீதக் கட்டணத்தை இரண்டு தவணையாக வசூலிக்கலாம் என்றது. அதில் 35 சதவீதம் பள்ளி திறந்த பிறகு. பள்ளி மூடியிருந்தது, கல்லாப்பெட்டி மூடவில்லை. மிச்சமும் வரவேண்டும் என்றால் கதவு திறக்கவேண்டுமே!

பரவவே பரவாது என்பது பொய். ஜெருசலேமில் 2020 மே மாதம் பள்ளிகளை முழுசாகத் திறந்தார்கள். பத்து நாளில் ஒரே உயர்நிலைப் பள்ளியில் 153 மாணவர்களுக்கும் 25 ஆசிரியர், ஊழியர்களுக்கும் தொற்று. எப்படி? வகுப்புக்கு 35-லிருந்து 38 பேர். கடும் வெயில், முகக்கவசம் போடவேண்டாம் என்று மூன்று நாள் விலக்கு. ஜன்னலைச் சாத்தி ஏ.சி. ஓட்டினார்கள். நெரிசல், மூடிய அறை, சுற்றிச் சுற்றி வரும் ஒரே காற்று. மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தன. நோய்க்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

சுவீடனைப் பாருங்கள். 2020 வசந்த காலத்தில் சின்ன வகுப்புகளை மூடாமல் நடத்தினார்கள்; மேல்வகுப்புகளை மட்டும் வீட்டுக்கு அனுப்பினார்கள். மார்ச் முதல் ஜூன்வரை ஒன்று முதல் பதினாறு வயதுவரை உள்ள பத்தொன்பதரை லட்சம் குழந்தைகளில் இந்த நோயால் ஒரு குழந்தையும் சாகவில்லை. பெற்றோருக்குத் தொற்று கொஞ்சம்தான் கூடியது. ஆனால் ஆசிரியர்கள்? திறந்திருந்த பள்ளியின் ஆசிரியர்களுக்கு, மூடியிருந்த மேல்வகுப்பு ஆசிரியர்களைவிட இரண்டு மடங்கு தொற்று. வகுப்பில் கூட்டம் குறைவு, சர்க்கார் ஆஸ்பத்திரி ஒழுங்காக நடக்கிற நாட்டிலேயே இந்தக் கதை. ஆகவே “திற” என்று சும்மா சொல்லுகிறவன் ஆசிரியரின் நுரையீரலை அடகுவைத்துப் பேசுகிறான். நமக்கு அந்தப் பேச்சும் வேண்டாம்.

இரண்டு பொய்யும் ஒரே பையில் கைவிடுகின்றன. ஒருவன் பூட்டச் சொல்லுகிறான், பூட்டினால் செலவில்லை. இன்னொருவன் அப்படியே திறக்கச் சொல்லுகிறான். அப்படியே திறந்தாலும் செலவில்லை. ஜன்னல் வை, அறையைக் கூட்டு, ஆளைப் போடு என்று சொன்னால் இரண்டு பேருக்கும் காது கேட்காது.

இந்த நோய் எப்படிப் பரவுகிறது என்பதை முதல் வருஷம் முழுவதும் நமக்குக் கோணலாகச் சொல்லிக்கொடுத்தார்கள். கதவுப் பிடியைத் துடை, காய்கறியைக் கழுவு, தெருவில் மருந்து தெளி என்றார்கள். தெருவெல்லாம் பிளீச்சிங் பவுடர் வெள்ளைக் கோலம் போட்டது. கை கழுவுவது நல்லதுதான். ஆனால் இந்த வைரஸ் முக்கியமாகக் காற்றில் போகிறது. பேசும்போதும் இருமும்போதும் பாடும்போதும் வெளிவருகிற நுண்துளி மூடிய அறையில் புகை மாதிரி நிற்கிறது. பூட்டிய அறையில் ஒருவன் பீடி பிடித்தால் மூலையில் இருக்கிறவனுக்கும் நெடி அடிக்கும். புளியமரத்தடியில் பிடித்தால் பக்கத்து ஆளுக்கும் பாதிதான் தெரியும். அவ்வளவுதான் விஞ்ஞானம்.

நூற்பாலையில் வேலை செய்கிற தோழர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. ப்ளோரூமில் பஞ்சுத்தூசி எப்படி நிற்கும் என்று உங்கள் மார்புக்குத் தெரியும். ஜன்னலைத் திறந்தால் காற்று வரும். ஆனால் ஈரப்பதம் போய் நூல் அறுந்துவிடும் என்று அடைத்துவைக்கிறார்கள். நூலுக்கு ஈரம் வேண்டும், ஆளுக்குக் காற்று வேண்டாம்! அந்த ஆலைகளை 2020 மே மாதத்திலேயே ஓட்டியவர்கள், நாலு பக்கமும் மரமும் மைதானமும் உள்ள கிராமப் பள்ளியைத் திறந்தால் நோய் பரவிவிடும் என்று நடுங்கினார்கள்!

நம் ஊர் ஆரம்பப் பள்ளிகள் பலவற்றில் மரம் இருக்கிறது, திண்ணை இருக்கிறது, மைதானம் இருக்கிறது. மழையில்லாத மாதங்களில் மரத்தடியிலேயே வகுப்பு நடத்தியிருக்கலாம். இது என் கற்பனை அல்ல. நூறு வருஷத்துக்கு முன் காசநோய்க்குப் பயந்த காலத்தில் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் திறந்தவெளிப் பள்ளிகள் நடத்தினார்கள். பெர்லின் பக்கத்தில் 1904-ல் காட்டுக்குள்ளேயே ஒரு பள்ளி வைத்தார்கள். குளிர்தேசத்துக் குழந்தை போர்வையைப் போர்த்திக்கொண்டு வெளியில் உட்கார்ந்து படிக்க முடிந்தது. தை, மாசி வெயிலில் நம் குழந்தை வேப்பமரத்தடியில் உட்கார முடியாதா?

1918-ல் இன்ஃப்ளூயன்ஸா உலகத்தையே வாரிக்கொண்டு போனது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் செத்தார்கள். அமெரிக்காவில் நகரத்துக்கு நகரம் பள்ளியை மூடினார்கள். நியூயார்க் மூடவில்லை. அந்நகரச் சுகாதாரக் கமிஷனர் கோப்லண்டு சொன்ன காரணத்தைக் கேளுங்கள். பள்ளிக்கூடம் போகும் பத்து லட்சம் குழந்தைகளில் ஏழரை லட்சம் பேர் நெருக்கடியான ஏழைக் குடியிருப்புகளில் இருந்தார்கள். அந்த இருட்டறையில் அடைந்து கிடப்பதைவிட, வெளிச்சமும் காற்றும் உள்ள பள்ளியில் நர்ஸும் டாக்டரும் தினம் பார்க்கும்படி இருப்பது மேல் என்றார். அவர் ஒன்றும் தொழிலாளர் தலைவர் அல்ல, சாதாரண அமெரிக்க அரசியல்வாதி. அவருக்குக்கூட ஒரு விஷயம் தெரிந்திருந்தது: ஏழைக் குழந்தைக்கு வீடு கோட்டை அல்ல. ஆனால் அந்த வாதம் நிற்பதற்கு மூன்று தூண் வேண்டியிருந்தது: பள்ளியில் காற்று, பள்ளியில் நர்ஸ், நோய் கண்ட பிள்ளையை உடனே கண்டுபிடிக்கும் ஏற்பாடு. அந்தத் தூண்களுக்காக நியூயார்க்கில் அதற்கு முன்பே பல வருஷம் உழைத்திருந்தார்கள். நம் பள்ளிக்கு நர்ஸ் எங்கே? காய்ச்சல் என்றால் உபாத்தியாயர் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து வீட்டுக்கு அனுப்புவார். அதுதான் நம் வைத்திய சோதனை!

ஆசிரியர்களைப் பற்றி ஒரு வார்த்தை. “சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்கினார்கள்” என்று அவர்கள்மேல் ஊரெல்லாம் பொறாமையைக் கிளப்பிவிட்டார்கள். நம் ஆட்களும் அந்தப் பேச்சில் விழுந்தார்கள். உத்தரப் பிரதேசத்தில் நடந்ததைக் கேளுங்கள். 2021 ஏப்ரலில், இரண்டாவது அலையின் நடுவில், பஞ்சாயத்துத் தேர்தல் வேலைக்கு ஆசிரியர்களை அனுப்பினார்கள். ஆசிரியர் சங்கம் 1,621 ஆசிரியர்கள், ஊழியர்கள் இறந்தார்கள் என்று பட்டியல் கொடுத்தது. சர்க்கார் முதலில் எத்தனை பேர் என்றது தெரியுமா? மூன்று பேர்! எதிர்ப்புக் கிளம்பிய பிறகுதான் இறங்கி வந்து நஷ்ட ஈடு என்று பேசினார்கள். அந்த ஆசிரியர்கள் குழந்தையிடமிருந்து நோய் வாங்கிச் சாகவில்லை. பள்ளிக்கு அனுப்புவது அபாயம் என்று சொல்லிக்கொண்டே, ஓட்டு எண்ணுகிற கொட்டகைக்கு அவர்களை அனுப்பினவர்கள் யார்?

பஸ் கனவானின் கடைசி வாதம் செல்போன். கல்வித் தொலைக்காட்சி இருந்தது, வாட்ஸப்பில் பாடம் வந்தது, நிற்கவில்லையே படிப்பு என்பார்கள். 2021 ஆகஸ்டில் ழான் டிரேஸ், ரீதிகா கேரா முதலான பொருளாதார அறிஞர்களும் தொண்டர்கள் பலரும் தமிழ்நாடு உள்பட 15 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் ஏழை வீடுகளைத் தேடிப்போய்ச் சுமார் 1,400 குழந்தைகளைப் பார்த்தார்கள். கிராமத்தில் ஒழுங்காக ஆன்லைனில் படித்தவர்கள் 100-க்கு 8 பேர். படிப்பையே விட்டுக் கிடந்தவர்கள் 37 பேர். ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஒரு வாக்கியத்தில் இரண்டொரு வார்த்தைக்கு மேல் வாசிக்க வரவில்லை. இன்னும் உள்ளே பாருங்கள். கிராமத்துத் தலித், ஆதிவாசிக் குழந்தைகளில் ஆன்லைனில் படித்தவர்கள் 4 சதவீதம். மற்றக் குழந்தைகளில் 15 சதவீதம். செல்போனுக்கும் சேரி வழி தெரியவில்லை!

கணக்கு வேண்டாம், கண்ணால் பார்த்ததைச் சொல்லுகிறேன். எங்கள் பகுதியில் ஒரு காலனி. ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள், ஒரு செல்போன். காலை ஆறு மணிக்கு அப்பன் சட்டைப்பையில் அது வேலைக்குப் போய்விடும். இரவு திரும்பும்போது சார்ஜ் இருக்காது, காசும் இருக்காது. அடுத்த வீட்டில் ஒரு பெண்பிள்ளை. பூட்டிய அன்று எட்டாம் வகுப்பு. வாய்பாடு கேட்டால் மூச்சுவிடாமல் சொல்லும். மத்தியானச் சத்துணவு நின்றுபோயிற்று. அரிசியும் பருப்பும் கொடுத்தார்கள், ஆனால் வீட்டு உலையில் போட்டால் அது ஏழு பேருக்குப் பங்கு. 2021 நடுவில் ஒரு ஏஜெண்டு வந்தான். மேற்கு மாவட்டத்தில் ஒரு நூற்பாலை. தங்க இடம், சாப்பாடு, முன்பணம். செப்டம்பரில் பள்ளி திறந்தது. பத்தாம் வகுப்பு வருகைப் பதிவில் அந்தப் பெண்ணின் பெயரைக் கூப்பிட்டார்கள். பதில் சொல்ல ஆள் இல்லை.

நான் அதன் தாயிடம் போய்க் கத்தினேன். “ஏம்மா, பள்ளிக்கூடம் திறக்கிற நேரத்தில் அனுப்பிவைத்தாயே!” என்றேன். அந்த அம்மாள் கதிர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: “திறக்கப் போறாங்கன்னு யாரு தோழர் எங்ககிட்ட சொன்னா? ஒன்றரை வருஷமா ‘அடுத்த மாசம்’, ‘அடுத்த மாசம்’னாங்க. வயசுப் புள்ளைய வீட்டுல தனியா வச்சுட்டு நான் எப்படிக் களைபறிக்கப் போவேன்? நீங்ககூடத்தான் இந்தத் தெருவுக்கு அப்ப வரல.”

அந்தக் கடைசி வார்த்தைக்கு என்னிடம் பதில் இல்லை. நாங்கள் நிவாரண அரிசி கொடுத்தோம், முகக்கவசம் கொடுத்தோம், மருந்துக்கு அலைந்தோம். எல்லாம் சரி. பள்ளியைத் திற என்று ஒரு ஊர்வலம் போனோமா? போகவில்லை. ஆலை திறந்ததும் கூலிக்குப் போராடினோம். பிள்ளையின் வகுப்பறைக்கு மட்டும் நிபுணர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டோம்.

அவள் மகள் மட்டுமல்ல. 2021-ல் குழந்தை உழைப்புக்கு எதிரான பிரசாரக் குழு தமிழ்நாட்டிலும் புதுவையிலும் நலிந்த வீடுகளைச் சேர்ந்த 818 குழந்தைகளைக் கேட்டுப் பார்த்தது. பெருந்தொற்றுக்கு முன் அவர்களில் வேலைக்குப் போனவர்கள் 28.2 சதவீதம். பிறகு 79.6 சதவீதம். வைரஸ் குழந்தையை விட்டுவைத்தது, மேஸ்திரி விடவில்லை.

2021 அக்டோபர் 27-ல் ‘இல்லம் தேடிக் கல்வி’ என்று தொடங்கினார்கள். மாலையில் ஒன்று, ஒன்றரை மணி நேரம் தன்னார்வலர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் பெண்கள் உயிரைக் கொடுத்து வேலை செய்தார்கள். பல பிள்ளைகளுக்கு எழுத்து திரும்பி வந்தது அவர்களால்தான். இதை ஒப்புக்கொள்ளாவிட்டால் நான் நேர்மையானவன் அல்ல. ஆனால் அவர்களுக்கு மாதம் கொடுத்தது 1,000 ரூபாய்! நாளுக்கு முப்பத்துமூன்று ரூபாய்க்குப் பத்தொன்பது மாத ஓட்டையை அடைக்கச் சொன்னார்கள்.

இனி அடுத்த நோய். வருமா என்று கேட்கவேண்டாம். 1918-ல் வந்தது, 1957-ல் வந்தது, 1968-ல் வந்தது, 2009-ல் வந்தது, 2020-ல் வந்தது. அப்போது கனவான் பஸ்ஸில் சொன்னதைத்தான் எல்லாரும் சொல்லுவார்கள். அதற்கு எதிராக இப்போதே பேசவேண்டும். பயம் வந்த பிறகு நியாயம் பேச முடியாது. 2004 ஜூலை 16-ல் கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் கருகிய பிறகுதான் கீற்றுக் கூரையை எடு என்று ஊர் ஊராக உத்தரவு பறந்தது. கூரையைப் பார்த்தார்கள். நெரிசலையும் அடைத்த சுவரையும் எத்தனை பேர் பார்த்தார்கள்?

சட்டப்படி ஆரம்பப் பள்ளியில் முப்பது பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் வேண்டும். கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் எழுதியது அது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர் இருக்கவேண்டும் என்பதும் அதே சட்டம்தான். அந்தக் குழுவில் நம் ஆட்கள் பெயர் இருக்கிறது; கூட்டத்துக்குப் போகிறவர்கள் எத்தனை பேர்? போனால் இதைக் கேளுங்கள்: ஒவ்வொரு அறையிலும் எதிரெதிர்ச் சுவரில் ஜன்னல் இருக்கிறதா, திறக்கிறதா? ஒரே அறையில் எத்தனை வகுப்பை அடைத்திருக்கிறார்கள்? மரத்தடியில் வகுப்பு நடத்தத் தளம் உண்டா? ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் மாதத்தில் எத்தனை நாள் வருகிறார்? அடுத்த தொற்றில் எது முதலில் மூடும், எது முதலில் திறக்கும் என்று சர்க்கார் எழுதிக் கொடுக்குமா? மதுக்கடை திறந்திருக்கும் ஊரில் ஆரம்பப் பள்ளி மூடியிருக்கக்கூடாது என்று எழுத அவர்களுக்குக் கை வருமா, பார்ப்போம்.

நான் சொன்ன காலனியில் பள்ளிக்கு இரண்டு அறை. கிழக்குச் சுவரில் இரண்டு ஜன்னல். இரண்டையும் எப்போதோ செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். மழைச்சாரல் வருகிறதென்று ஒருவர் சொன்னார், திருட்டுப் பயம் என்று இன்னொருவர் சொன்னார், யார் அடைத்தது என்பது யாருக்கும் தெரியவில்லை. ஆகஸ்ட் 15 கிராமசபையில் தாய்மார்கள் எழுந்து கேட்டார்கள். “நிதி வந்ததும் செய்யப்படும்” என்று பதில் வந்தது. அடைத்த செங்கலை எடுக்க என்ன நிதி என்று அந்தப் பெண்பிள்ளையின் தாய்தான் திருப்பிக் கேட்டாள். அடுத்த கிராமசபை அக்டோபர் 2-ம் தேதி. அதற்குள் அனுமதி எழுதிக் கொடுக்கவேண்டும் என்று மனு கொடுத்திருக்கிறோம். கொத்தனார் ஒருவரும் கடப்பாரையோடு இரண்டு தோழர்களும் தயாராக இருக்கிறார்கள்.